இடது நிலைக்கால்

பல்லைப் பிடுங்கும்போதுகூட ஜோடி பார்க்கிற மனிதரை என் ஆயுசில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். வலது பக்கத்துக் கடைவாய்ப் பல்லை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு, இடது பக்கத்தில் அதே இடத்துப் பல்லை விரலால் மெல்லத் தட்டுவார். நாற்காலியில் இருப்பவன், "ஐயோ டாக்டரே, அது நல்ல பல்லுங்க!" என்று அலறுவான்.

"தெரியும், தெரியும். அது தனியா ஆயிடுச்சு. அதுகிட்ட சொல்லிட்டு வரேன்" என்பார்.

ஓசூரில் அவருக்குச் சீனா டாக்டர் என்று பெயர். சொந்தப் பெயரை அவருடைய போர்டில் எழுதினவன் நான்தான். ஆனாலும் அதை இங்கே எழுதப்போவதில்லை. ஊரில் ஒருத்தரும் அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை, நான் மட்டும் எதற்கு? அவர் எப்படி ஓசூருக்கு வந்தார் என்று கேட்டால் மூன்று பேர் மூன்று கதை சொல்வார்கள். ரங்கூனிலிருந்து யுத்தத்தின்போது நடந்தே வந்தார் என்பது ஒன்று. அவரிடம் கேட்டால், "கப்பல் பாதி, காலு மீதி" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. பெங்களூரில் கொஞ்ச காலம் இருந்து, அங்கே வாடகை கட்டுப்படியாகாமல் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார் என்பது மட்டும் நிச்சயம்.

அப்போது ஓசூரில் இன்றைக்கு இருக்கிற தொழிற்சாலை ஒன்றுகூடக் கிடையாது. பஸ் நின்று போகிற ஊர், அவ்வளவுதான். நான் பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுப் போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். தமிழ், கன்னடம், தெலுங்கு, இங்கிலீஷ், நாலும் எழுதுவேன். இதில் இரண்டு எனக்குப் படிக்கத் தெரியாது. அதனால் என்ன? கிளி வரைகிறவன் கிளி பாஷையா படித்தான்? எழுத்தைப் பார்த்தால் அப்படியே கையில் இறங்கிவிடும். அதில் எனக்குக் கர்வம் உண்டு, இன்றைக்கும் உண்டு.

அவர் வந்த புதிதில் போர்டுக்காக என்னிடம் வந்தார். வலது பக்கம் 'பல் எடுக்கப்படும்', இடது பக்கம் 'பல் கட்டப்படும்', நடுவில் ஒரு பல்செட் படம். எழுதி முடித்துக் காய வைத்திருந்தேன். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, எண்ணத் தெரியும். குந்தி உட்கார்ந்து விரலை வைத்து எண்ணினார்.

"பெயிண்டர், இந்தாண்ட ஒரு எழுத்து கம்மி."

"அதுக்கு நான் என்னாங்க பண்றது? தமிழ் அப்படி."

"ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும். இல்லேன்னா நொண்டும்."

"பல்லு ஒண்ணு வரைஞ்சு ரொப்பிடறேன், போங்க டாக்டரே" என்று எழுத்து குறைந்த பக்கத்தில் ஒரு கடைவாய்ப் பல்லை வரைந்து விட்டேன். ரொம்ப நேரம் பார்த்துச் சிரித்தார். எனக்குக் காலி இடம் என்றாலே ஆகாது. போர்டில் ஒரு சாண் இடம் சும்மா இருந்தால் கை நமநமக்கும். ஒரு பூவோ நட்சத்திரமோ போட்டு அடைத்தால்தான் எனக்கு நிம்மதி. இந்தக் குணம் பிற்பாடு என்ன காரியம் செய்தது என்பதைச் சொல்லத்தான் போகிறேன்.

அவர் தமிழ் கற்றது பல்வலிக்காரர்களிடம். வாயைப் பிளந்துகொண்டு பேசுகிறவர்களிடம் பாஷை கற்றால் எப்படி இருக்கும்? முதல் இரண்டு மாசம் அவர் பேசினது அவருக்கே புரிந்ததோ என்னவோ. கொஞ்சம் பிடிபட்டதும் அவருடைய வேலையை ஆரம்பித்தார். யார் எது சொன்னாலும், அதற்கு ஜோடியாக ஒரு வாக்கியம் திருப்பிச் சொல்வார். பதில் அல்ல, ஜோடி. நீங்கள் ஊர்ப்பெயர் சொன்னால் அவரும் ஊர்ப்பெயர் சொல்வார். நீங்கள் போனதைச் சொன்னால் அவர் வந்ததைச் சொல்வார். எங்களுக்கெல்லாம் இது பெரிய வேடிக்கை.

அவர் வீட்டுக்கு எதிரில் ரத்னம்மா டீக்கடை வைத்திருந்தாள். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். அவள்தான் முதலில் அவரைச் சீண்டிப் பார்த்தது.

"ஏன்ணா, சானமாவுல யானை எறங்குச்சாமே!"

டம்ளரைக் கீழே வைத்து ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். "தளியில பூ ஏறுச்சு."

தளியிலிருந்து வருகிற முதல் பஸ் மேலே பூக்கூடை ஏற்றிக்கொண்டு அப்போதுதான் வந்து நின்றிருந்தது. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சபாஷ் போட்டார்கள். யானைக்குப் பூ, இறங்கினதற்கு ஏறினது! அதன்பிறகு டீ குடிக்க வருகிறவன் எல்லாம் ஒரு வரியோடு வர ஆரம்பித்தான். உடனே ஜோடி கிடைக்காவிட்டால் அந்த வரியை வீட்டுக்கு எடுத்துப் போவார். மறுநாள், சில சமயம் அதற்கும் மறுநாள், சம்பந்தப்பட்ட ஆளைத் தேடிப் பிடித்து ஜோடியைக் கொடுத்துவிட்டுத்தான் ஓய்வார். ஒரு வரியையும் அவர் அந்தரத்தில் விட்டதில்லை.

ரத்னம்மா ஒரு நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "என் புருஷன் போனான், வீடு விஸ்தாரமாச்சு" என்றாள். அவன் யாரோடோ கோலார் பக்கம் ஓடிப்போய் மூன்று வருஷம். அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். டாக்டர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார். ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். "சீனா டாக்டரு தோத்தாருய்யா" என்று நான்கூடக் கிண்டல் செய்தேன். ஐந்தாம் நாள் காலையில் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ரத்னம்மா, உன் வரிக்கு."

"சொல்லுண்ணா."

"என் மக பொறந்தா, ஊரு தூரமாச்சு."

அவருக்கு ஒரு மகள் இருப்பதே அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது. ரத்னம்மா கையில் இருந்த சாம்பலைக் கழுவிவிட்டு, கேட்காமலே அவருக்கு இன்னொரு டீ போட்டாள்.

மொழிவாரியாக ராஜ்யம் பிரித்த சமயம் அது. ஓசூர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஊரே சண்டையில் இருந்தது. எனக்கு நல்ல வேலை. தமிழை மேலே எழுது என்று ஒருத்தன், கன்னடத்தை மேலே எழுது என்று இன்னொருத்தன். ஒரே போர்டை மூன்று தடவை அழித்து எழுதியிருக்கிறேன். டாக்டருக்கு இது விளங்கவே இல்லை. "எங்க பாட்டுல மேல் வரி, கீழ் வரி உண்டு. மேல் வரி கூப்பிடும். கீழ் வரி ஏன்னு கேக்கும். ரெண்டும் ஒரே உயரம்" என்றார். அந்தப் பேச்சை அன்றைக்கு நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

ஓசூரில் அவருக்கு முதல் வருஷப் பிறப்பு வந்தது. நம் பொங்கல் கழிந்து சில நாளில் அவர்களுக்கு வருஷம் பிறக்குமாம். வாசலில் வலது நிலைக்காலில் நீளமாக ஒரு சிவப்புத் தாள் ஒட்டியிருந்தார். மேலிருந்து கீழாக ஏழு எழுத்து, கறுப்பு மையில். கட்டை விரல் தடிமனில் ஒவ்வொரு கோடும் மூச்சு விடாமல் இழுத்திருந்தார். தொழில்காரன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மாதிரி எழுத என்னால் முடியாது. இடது நிலைக்கால் வெறுமையாக இருந்தது.

அன்றைக்கு அவர் ஊரில் இல்லை. விடியற்காலை பஸ்ஸில் பெங்களூர் போயிருந்தார். எனக்கோ அந்த இடது பக்கத்தைப் பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை. தாள் தீர்ந்திருக்கும், மனிதன் வாங்கத்தான் போயிருக்கிறான், திரும்பி வருவதற்குள் நாமே முடித்து வைத்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். என்ன ஒரு புத்திசாலித்தனம்! கடையில் சிவப்பு வழவழப்புத் தாள் வாங்கி, அளவெடுத்து வெட்டி, அவர் எழுதினதைப் பக்கத்தில் நின்று பார்த்து அப்படியே ஏழு எழுத்தையும் எழுதினேன். இரண்டு தாள் கெட்டது. மூன்றாவது சரியாக வந்தது. ரத்னம்மாவிடம் மைதாப் பசை காய்ச்சி வாங்கி இடது நிலைக்காலில் ஒட்டினேன். "எது அண்ணா எழுதுனது, எது நீ எழுதுனதுன்னு தெரியலையே!" என்று அவள் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

மத்தியானம் பஸ் வந்தது. டாக்டர் இறங்கினார். பஸ் நிற்கிற இடத்திலிருந்து அவர் வீட்டு வாசல் தெரியும். பையைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்று வாசலைப் பார்த்தார். பிறகு ஓடி வந்தார். ஐம்பது வயசுக்கு மேற்பட்ட மனிதர், எப்போதும் காலை அளந்து அளந்து வைக்கிறவர், செருப்பு ஒன்று நழுவி நடுரோட்டில் கிடக்க, வேட்டி கட்டத் தெரியாமல் கட்டின பையன் மாதிரி தடுக்கித் தடுக்கி ஓடி வந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஆஹா, நம் வேலைக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

வாசலுக்கு நாலடி இருக்கும்போது நின்றுவிட்டார். மேலிருந்து கீழே படித்தார். வலது பக்கத்தைப் பார்த்தார். மறுபடி இடது பக்கத்தைப் படித்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"இது யார் எழுதினது?"

"நான்தான் டாக்டரே. உங்களுது மாதிரியே இருக்குது பாத்தீங்களா? சும்மா கெடந்துச்சு, ரொப்பிட்டேன்."

கொஞ்ச நேரம் அந்தத் தாளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எழுத்து நல்லா இருக்கு, பெயிண்டர்" என்றார். அப்புறம், யாரிடமோ சொல்கிற மாதிரி, "கெணத்துல எட்டிப் பாத்துக் கூப்பிட்டேன். என் குரலே வந்துச்சு" என்றார்.

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தார். டின் நிறையச் சிவப்புத் தாள் சுருள்கள். மகளுக்கு மூன்று வயசாகும்போது அவர் ஊரை விட்டுக் கிளம்பினாராம். வருஷம் பிறக்க நாலு மாசம் இருக்கும்போது இவர் ஒரு மேல் வரியை எழுதி அனுப்புவார். அவள் அதற்குக் கீழ் வரியைத் தனித் தாளில் எழுதி அனுப்புவாள். வலது நிலைக்காலில் அப்பா, இடது நிலைக்காலில் மகள். சேர்ந்து நின்றால்தான் வாசல். ஒரு பக்கத்தில் வந்த எழுத்து மறுபக்கத்தில் வரக்கூடாதாம், அது பெரிய பிழை. நான் ஏழுக்கு ஏழும் அதையே எழுதி வைத்திருந்தேன்! எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல் இருந்தது.

அவள் முதல் முதலில் அனுப்பின சுருளை விரித்துக் காட்டினார். கோணல் மாணலான எழுத்து. இவர் அனுப்பின வரி, வானத்தில் நிலா நடக்கிறது. அவள் எழுதினது, கிணற்றில் தவளை குந்தியிருக்கிறது. "நிலாவுக்குத் தவளை! ஒரு வருஷம் சிரிச்சேன்" என்றார். இன்னொன்று. இவர், பழைய செருப்பு பத்து ஊர் பார்த்தது. அவள், புதுச் சடை மூணு முழம் வளர்ந்தது. மகள் வளர்ந்துவிட்டாள் என்பது அந்தச் சடையில்தான் அவருக்குத் தெரிந்தது. கல்யாணமானதும் ஒரு வரியில்தான் தெரிந்தது. மாப்பிள்ளை இவர் வீட்டோடு வந்தவர், அதனால் விலாசம் மாறவில்லை.

"சாதா லெட்டர் எழுத மாட்டாளா?" என்றேன்.

"லெட்டர் நாலு பேர் பிரிச்சுப் படிப்பாங்க. கதவுக்கு ஒட்டுற காகிதத்த யார் கேப்பாங்க?"

சுருள்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் வெள்ளைத் தாள். அது அவர் சம்சாரம் செத்துப்போன சேதி. துக்க வீட்டில் வருஷம் பிறந்தால் அந்த ஒரு தடவை வெள்ளை, அப்புறம் திரும்பவும் சிவப்பு என்றார். அந்தத் தாளை விரிக்கவில்லை. இந்த வருஷம்தான் அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வீடு மாற்றினதால் பழைய விலாசத்துக்குப் போயிருக்குமோ என்று விசாரிக்கத்தான் பெங்களூர் போயிருந்தார். அங்கேயும் இல்லை. வெறுங்கையோடு பஸ்ஸில் திரும்பினவர், வாசலில் இரண்டு பக்கமும் சிவப்பைப் பார்த்து ஓடி வந்திருக்கிறார்.

நான் வெந்நீர் வைத்து என் தாளை என் கையாலேயே உரித்தேன். பசைக் கறை போகவில்லை. தேங்காய் நாரால் தேய்த்தேன், அப்போதும் போகவில்லை.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். எனக்கும் வேறு போக்கிடம் இல்லை. சுருள்களை ஒவ்வொன்றாக விரிப்பார், நான் பார்ப்பேன். ஒரு எழுத்தும் தெரியாவிட்டாலும் கை தெரியும் அல்லவா? அந்தப் பெண் கோட்டை அழுத்தி இழுத்து, முடிக்கும்போது சட்டென்று பிரஷ்ஷைத் தூக்குவாள். பல்லி வால் மாதிரி ஒரு சின்ன நுனி நிற்கும். கூட்டத்தில் அவள் எழுதினதை வைத்தால் நான் பொறுக்கி எடுத்துவிடுவேன்.

மறு வருஷமும் ஒன்றும் வரவில்லை. அவர் புது வரி எழுதவில்லை. பழைய வரியையே திரும்பவும் எழுதி வலது பக்கம் ஒட்டினார். "கூப்பிட்டாச்சு. கேக்கற வரைக்கும் வேற கூப்பிடக் கூடாது" என்றார். என்ன வரி அது என்று அப்போதுதான் கேட்டேன். தெற்கே ஒரு கதவு திறந்திருக்கிறது. தினம் காலையில் ஈரத்துணியால் இடது நிலைக்காலைத் துடைப்பார். அந்த ஒரு கால் மட்டும் வெளுத்துப்போயிற்று. டீக்கடையில் வரி கொடுப்பதை நாங்கள் நிறுத்திவிட்டோம். யாரும் சொல்லி வைத்து நிறுத்தவில்லை. அவர் சும்மா வந்து டீ குடித்துவிட்டுப் போனார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

மாம்பழக் காலம். கிருஷ்ணகிரியிலிருந்து கூடை கூடையாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஏணி மேல் நின்று ஒரு கடைக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். ரத்னம்மா ரோட்டைத் தாண்டி ஓடி வந்தாள்.

"எறங்குய்யா கீழ! தபால்காரரு வந்தாரு. அண்ணா உன்னியத்தான் கூப்புடறாரு!"

டாக்டர் பல் பிடுங்குகிற நாற்காலியில் தானே உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சிவப்புத் தாள். உறையில் வேறு எதுவும் இல்லை. அதை என்னிடம் நீட்டினார்.

"பெயிண்டர், பாத்துச் சொல்லு. அவ கைதானே?"

பார்த்தேன். கோணல் மாணலான எழுத்து. ஒரு கோடு மேலே ஏறி ஒரு கோடு கீழே இறங்கி, மை திட்டுத்திட்டாகச் சொட்டி, ஐந்தாறு வயசுக் குழந்தை எழுதினது. பல்லி வால் ஒரு இடத்திலும் இல்லை. தேடினேன், சத்தியமாகத் தேடினேன். அவளுக்குக் குழந்தை இருப்பதாக இதுவரை ஒரு வரியிலும் வந்ததில்லை.

அவரை நிமிர்ந்து பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குடி முழுகிவிடும்? நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த இடது பக்கத்தை ஒரு தடவை பொய்யால் ரொப்பினவன் நான். அவர் ஓடி வந்தது கண்ணுக்கு முன்னால் நின்றது. இன்னொரு தடவை என்னால் முடியாது.

"கை வேற, டாக்டரே."

கண்ணை மூடினார். ரத்னம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றாள்.

"வீடு ஒண்ணு" என்றார்.

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவர் சொன்ன ஜோடி அது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். விரலை வைத்துப் படித்துச் சொன்னார். வடக்கே ஒரு வாத்து நுழைகிறது. சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். "கதவுக்கு வாத்து! பெயிண்டர், கதவு திறந்திருக்குன்னா, வாத்து நுழையுது!" தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. எது எதற்கு என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. தவளை எழுதின வீட்டில்தான் வாத்தும் எழுதியிருக்கிறார்கள், அது மட்டும் தெரிந்தது.

வருஷப் பிறப்புக்குக் காத்திருக்கவில்லை, அப்போதே ஒட்டினோம். நான் பசை தடவினேன், அவர் தாளைப் பிடித்தார். பழைய பசைக் கறையின் மேலேயே அது உட்கார்ந்தது. சும்மா இருக்கத் தெரியாதே எனக்கு! ஆறுதலாக ஏதாவது சொல்லலாமென்று, "தாளு வெள்ளை இல்லியே, சிவப்பாத்தானே இருக்குது, டாக்டரே" என்றேன்.

யானைக்கும் ஓடிப்போன புருஷனுக்கும் ஜோடி சொன்ன மனிதர், அதற்கு மட்டும் ஜோடி தேடவில்லை. "கீழ் மூலை ஒட்டல, அத்த அழுத்து" என்றார். நான் அழுத்தினேன்.

கொட்டகைக்குத் திரும்பி பிரஷ் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. துக்கத்துக்கு ஒரு வருஷம் வெள்ளை, அப்புறம் சிவப்பு. அந்த வீட்டிலிருந்து வராமல் போனது இரண்டு வருஷம். அவளுக்காகத் துக்கம் காத்திருந்தாலும் இதற்குள் தாள் சிவப்பாகியிருக்கும்.

இதைப் பற்றி அவரிடம் நான் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை. புரட்டாசி பிறந்ததும் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். மேஜை மேல் புதுச் சிவப்புத் தாள். அனுப்புவதற்கு மேல் வரி எழுதிக்கொண்டிருந்தார். அவர் எழுத்தை அத்தனை நாள் பார்த்தவன் நான். பத்து இருபது கோடு பின்னிக்கொண்டு நிற்கிற எழுத்துகள்தான் அவருக்குப் பிடிக்கும். அன்றைக்கு ஒவ்வொன்றும் மூன்று கோடு, நாலு கோடு. பெரிசு பெரிசாக, நிறுத்தி நிறுத்தி, இடைவெளி விட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"என்னா வரிங்க?"

"மலை மேல ஒரு ஆடு நிக்குது."

"ஏன் டாக்டரே, எழுத்தெல்லாம் இம்புட்டு லேசா இருக்குது?"

பிரஷ்ஷை மையில் தோய்த்து, விளிம்பில் வழித்து, அடுத்த எழுத்தை ஆரம்பித்தார்.

"படிக்கறது சின்னப் புள்ள" என்றார்.